டீலர் டூர்

2024 நவம்பர் 4, திங்கள்

தீபாவளி லீவு முடிந்து இன்றுதான் ஆபீஸ். ஸ்கீம் கணக்கு வந்துவிட்டது. ஏப்ரல்–செப்டம்பர் மோட்டார் டார்கெட் அடித்தது 21 கடை. அவர்களுக்கு டூர் ஏற்பாடு என் பொறுப்பு. சேல்ஸ் மேனேஜர் சார் கோவா என்றார். மற்றவர்களும் கோவா. நான் உடுப்பி, மல்பே, கொல்லூர் என்றேன். "அது கோயில் டூரும்மா." அங்கேயும் அதே அரபிக்கடல்தானே. சொல்ல வாய் வரவில்லை.

கழுத்து வலி. தைலம் போட்டுப் படுக்கிறேன்.

நவம்பர் 6, புதன்

பேலன்ஸ் விஷயமாகக் காங்கேயத்துக் கடைக்குப் பேசினேன். அக்காதான் எடுத்தார். "அவரு வசூலுக்குப் போயிருக்காருங்க, ஒரு நிமிசம் இருங்க கண்ணு" என்று போனைக் கல்லா மேல் வைத்துவிட்டார். அந்தப் பக்கம் தோட்டக்காரர் ஒருவர் சத்தம் போடுகிறார். எண்ணூறு அடி போர், புது மோட்டார், நேற்றுத்தான் இறக்கியது. ஓடுகிறது, தண்ணீர் மட்டும் ஒழுங்காக ஏறவில்லை. திருப்பி எடுத்துக்கோ என்கிறார். அக்கா குரல் உயரவே இல்லை. "பேனல் போர்டுல மூணு ஒயர் வருதில்லீங்க, அதுல எதாச்சும் ரெண்டை மாத்திப் போடுங்க. மோட்டாரு எதிர்ப்பக்கமாச் சுத்துது. அப்பவும் தண்ணி வல்லீனா நானே ஆளனுப்பித் தூக்கறேன்." அப்புறம் என்னிடம் வந்து பேலன்ஸைப் பைசா சுத்தமாகச் சொன்னார்.

டூர் விஷயம் சொன்னேன். "அப்படீங்களா, சந்தோசமுங்க. அவரு போயிட்டு வருவாரு." அடுத்த ஆர்டரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அவரு போயிட்டு வருவாரு. ராத்திரிச் சாப்பாட்டின்போதும் அதே காதில்.

நவம்பர் 7, வியாழன்

21 கடையையும் எழுதிப் பார்த்தேன். நான் போன் போட்டால் யார் எடுக்கிறார்கள்? 14 கடையில் வீட்டுக்காரம்மா. ஆர்டர், செக் தேதி, வாரண்டி கார்டு, மெக்கானிக்கை அனுப்புவது, எல்லாம் அவர்கள். டார்கெட்டுக்கு இன்னும் எத்தனை பாக்கி என்று மாதக் கடைசியில் விசாரிப்பதும் அவர்கள். பரிசு மட்டும் போர்டில் பேர் உள்ளவருக்கு.

ஜோடியாகக் கூட்டிப் போக வேண்டும். கேட்கப்போகிறேன்.

நவம்பர் 11, திங்கள்

மேனேஜர் சாரிடம் கேட்டேன். "லேடீஸ் வந்தா டீலர்ஸ் ஃப்ரீயா இருக்க மாட்டாங்கம்மா. பட்ஜெட்டும் டபுள்."

தலை விண்விண் என்று தெறிக்கிறது. டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. எனக்கென்ன, கோவாவே போய்த் தொலையட்டும் என்றிருந்தது. சாயங்காலம் தாராபுரத்து அக்கா போன். "காலைல பேசறப்பவே குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. ஒடம்புக்குச் சேரலீங்களா?"

இல்லை. கோவா கூடாது.

நவம்பர் 13, புதன்

அக்கவுண்ட்ஸ் சாரோடு உட்கார்ந்தேன். வருமான வரியில் 194ஆர் பிரிவை விளக்கினார். 2022 ஜூலையிலிருந்து வந்தது. டீலருக்கு இந்த மாதிரிக் கொடுப்பது வருசத்துக்கு 20,000 தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ். டூரில் கையில் பணம் தருவதில்லை, அதனால் வரியைக் கட்டிய பிறகே கூட்டிப் போக முடியும். வீட்டுக்காரம்மா வந்தால் அந்தச் செலவும் டீலர் கணக்கிலேயே ஏறும்.

கோவா: ஃப்ளைட், மூன்று ராத்திரி, தலைக்கு 32,000. உடுப்பி: ரயில், இரண்டு ராத்திரி, சாதா ஹோட்டல், ஜோடிக்கு 31,000. அவரே கால்குலேட்டரை மறுபடி தட்டிப் பார்த்தார். "எம்.டி. கிட்ட நேராக் கொண்டு போம்மா."

கண் எரிகிறது. தூக்கம் வரவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

நாளை கார்த்திகை ஒண்ணு. டீலரில் மூன்று பேர் மாலை போடுகிறார்கள். மகரஜோதி முடிகிறவரை, ஜனவரி 14 வரை, அவர்களை அசைக்க முடியாது. உடுப்பியிலும் அப்போது சங்கராந்தி உற்சவம், ரூம் கிடைக்காது. 29 தை அமாவாசை. அப்புறம் உடுமலை, பொள்ளாச்சிக்காரர்கள் பழனிக்கு நடக்க ஆரம்பித்துவிடுவார்கள், பிப்ரவரி 11 தைப்பூசம். மார்ச் பிறந்தால் வெயில், மோட்டார் சீசன், கடையை விட்டு யாரும் நகர மாட்டார்கள். இருப்பது நடுவில் அந்த ஒரு வாரம். ஜனவரி 22 ராத்திரி ஏறி 26 காலை கோவையில் இறங்க வேண்டும்.

தை முகூர்த்தம் எதுவும் குறுக்கே வரக் கூடாது. முருகா.

நவம்பர் 18, திங்கள்

எம்.டி. ரூம். பேப்பரை நீட்டும்போது கை நடுங்கியது. காங்கேயத்து அக்கா ஒயர் மாற்றச் சொன்னதைச் சொன்னேன். "அந்தம்மா கடைக்குப் போயிருக்கேன். டீ குடுத்துட்டே நம்ம டிஸ்கவுண்ட்டைத் திட்டுனாங்க" என்று சிரித்தார். பேனாவை எடுத்தார். ஜோடியாவே போகட்டும்.

சரி என்று சொல்லிவிட்டார்! மேனேஜர் சார் முகம் கொடுத்துப் பேசவில்லை. பரவாயில்லை. வரும்போது பஸ்ஸில் ஜன்னல் காற்று நன்றாக இருந்தது.

நவம்பர் 22, வெள்ளி

நாளைக் காலை 8 மணிக்கு புக்கிங் திறக்கும். இந்த மாதத்திலிருந்து 120 நாள் முன்பதிவு 60 நாளாகிவிட்டது. பேர், வயசு கேட்டு எல்லாக் கடைக்கும் போன். இத்தனை வருசப் பேச்சு. என் போனில் தாராபுரம், காங்கேயம், பல்லடம் என்றுதான் இருக்கிறது. இன்றுதான் பேர் கேட்டேன். ஆதாரைப் பார்த்துச் சொல்கிறேன் என்று எழுந்து போனார்கள். வெள்ளகோவிலில் "என்ர பேருங்களா? எதுக்குங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சொன்ன பிறகு சிரிப்பு அடங்கவில்லை.

21 ஜோடி, ஸ்டாஃப் மூன்று. மூன்றாவது நான். லேடீஸ் வருவதால் கூட ஒரு லேடி ஸ்டாஃப் போகட்டும் என்று எம்.டி.யே சொன்னாராம். கடைசி வரியில் என் பேரை நானே டைப் அடித்தேன்.

தொண்டை கட்டிவிட்டது. சுக்குக் காப்பி.

நவம்பர் 23, சனி

ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான். நாலு பேர் நாலு கம்ப்யூட்டரில். மூச்சு விடாமல் டைப். வெஸ்ட் கோஸ்ட் எக்ஸ்பிரஸ், தேர்ட் ஏசி, 45 பெர்த், எல்லாம் கன்ஃபர்ம். லோயர் ஒன்பதுதான். முட்டி வலிக்காரர்கள் யார் யார் என்று தனி லிஸ்ட் போட வேண்டும். திரும்பி வருவதற்கு 26ஆம் தேதி இதே கூத்து.

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல். புதுச்சேரி பக்கம் கரையைக் கடக்கிறது. டிவியிலேயே கண். இங்கே வெறும் குளிர்காற்று, தூறல். ஜனவரியில் இப்படி வந்தால்?

டிசம்பர் 3, செவ்வாய்

புயல் வலுவிழந்து குறுக்கே நடந்து மங்களூர்ப் பக்கமே போய்விட்டது. அங்கே பள்ளிக்கூடங்களுக்கு லீவு, கொட்டு மழை. ஹோட்டல்காரரிடம் பேசினேன். "ஜனவரியில் கடல் குளம் மாதிரி இருக்கும் மேடம்" என்றார். அவர் அப்படித்தான் சொல்வார். பயமாகவே இருக்கிறது.

டிசம்பர் 6, வெள்ளி

பல்லடத்து டீலர் நேரில் வந்து சத்தம். "பொண்டாட்டியக் கூட்டிட்டு உடுப்பி போறதுக்கு எனக்கு ஸ்கீம் எதுக்குங்க? நானே போயிக்குவேன்." போயிருக்கிறீர்களா அண்ணா என்று கேட்டேன். பதில் இல்லை. டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். வயிற்றில் எரிச்சல், நாள் பூராவும்.

டிசம்பர் 11, புதன்

காலையில் செய்தி. நேற்று முருடேஸ்வரில் கடலில் இறங்கிய நாலு பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் போய்விட்டார்கள். கோலார் பக்கத்திலிருந்து டூர் வந்த குழந்தைகள். கடற்கரையை மூடிவிட்டார்கள்.

மேனேஜர் சார் ஆசைப்பட்டார் என்று ஜனவரி 25ஆம் தேதிக்கு நாங்களும் முருடேஸ்வர் போட்டிருந்தோம். 123 அடி சிவன், லிஃப்ட் வைத்த 20 நிலைக் கோபுரம். நோட்டீஸ்கூட அடித்தாகிவிட்டது.

வேலை ஓடவில்லை. வீட்டுக்கு வந்ததும் பாப்பாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "எதுக்கும்மா?" என்கிறாள்.

டிசம்பர் 12, வியாழன்

முழுக்க மாற்றினேன். முருடேஸ்வர் வேண்டாம். 23 காலை மங்களூரில் இறங்கி உடுப்பி போகும் வழியில் படுபித்ரி. 2020இல் ப்ளூ ஃப்ளாக் வாங்கிய கடற்கரை. குளிக்கிற இடத்துக்கு எல்லை கட்டி, காவலுக்கு ஆளும் உண்டு. தண்ணீரில் கால் வைப்பது அங்கே மட்டும், முழங்காலுக்கு மேல் கிடையாது. சாயங்காலம் காப்பு கலங்கரை விளக்கம், 1901இல் கட்டியது. 24 மல்பேயிலிருந்து படகில் செயின்ட் மேரீஸ் தீவு. எரிமலைக் குழம்பு ஆறி, ஆறு பட்டைத் தூண்களாக நிற்கிற பாறை. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஒருவரும் ஏறக் கூடாது, அதை நான் நின்று பார்ப்பேன். அன்று சாயங்காலம் கிருஷ்ணர் கோயில். 25 மரவந்தே வழியாகக் கொல்லூர். ரோட்டுக்கு ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சௌபர்ணிகா ஆறு. பஸ் அங்கே அரை மணி நேரம் நிற்க வேண்டும் என்று எழுதியே வாங்கிவிட்டேன். ராத்திரி மங்களூரில் ரயில்.

மேனேஜர் சார் படித்தார். மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். அவருக்கும் பள்ளிக்கூடம் போகிற பெண் இருக்கிறாள்.

டிசம்பர் 24, செவ்வாய்

சாப்பாட்டு லிஸ்ட். மண்டை காய்கிறது. ஆண்களுக்கு மீனும் கோழியும் வேண்டும், அஞ்சல் வறுவல், கோரி ரொட்டி. பெண்கள் கொல்லூர் போகிற வரை கவிச்சி வேண்டாம் என்கிறார்கள். இரண்டு மேஜை. நீர் தோசை எல்லோருக்கும் பொது. உடுப்பியில் கட்பட் ஐஸ்கிரீம். அதைச் சுகர் இருக்கிறவர்கள்தான் முதலில் கேட்கிறார்கள்.

ஜனவரி 3, வெள்ளி

கடையை யார் பார்ப்பது. இன்று நாலு போன் இதே கேள்வி. மூன்று நாள் ஷட்டரை மூடினால் பக்கத்துக் கடைக்காரன் வாடிக்கையைப் பிடித்துக்கொள்வானாம். கஸ்டமர் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவாராம். கோபம் வந்தது. இதற்கா இத்தனை மல்லுக்கட்டினேன். அப்புறம் யோசித்தால், கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தக் கல்லாவை விட்டு அவர்கள் எங்கே நகர்ந்தார்கள்? ஒவ்வொரு கடைக்கும் பேசினேன். மச்சான், தம்பி, வேலைக்கார அண்ணன், யாரையாவது உட்கார வையுங்கள் அக்கா.

ஜனவரி 13, திங்கள்

போகி. வீடு கழுவி இடுப்பு விட்டுவிட்டது. காங்கேயத்து அக்கா கூப்பிட்டார், ஆர்டருக்கு இல்லை. "கண்ணு, கடலுக்குச் சேலையே கட்டிக்கலாமுங்களா, சுடிதாரு எடுக்கோணுங்களா?" அரை மணி நேரம் துணிப் பேச்சு. மோட்டார் என்ற வார்த்தையே வரவில்லை. காது சூடாகிவிட்டது. சந்தோஷம்.

எனக்கும் ஒரு சுடிதார் எடுக்கலாம். பச்சை.

ஜனவரி 18, சனி

தாராபுரம். மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவு. அக்கா குரல் உடைந்துபோய், "நாங்க வல்லீங்க, வேற யாருக்காச்சும் குடுத்துருங்க."

அக்காவா வராமல் போவது. எல்லோரும் வந்து இவர் வராமலா. அழுகை வந்தது. யாரிடம் கோபப்படுவது?

ஜனவரி 20, திங்கள்

காலை ஒன்பது மணிக்குத் தாராபுரத்து அண்ணன் போன். என்னிடம் இவ்வளவு நேரம் அவர் பேசியதே கிடையாது. "எங்கம்மாவ நான் பாத்துக்கறேனுங்க. கடையும் நான் பாத்துக்கறேன். அவ போவட்டும். என்ர எடத்துல பொண்ணு வரலாமுங்களா? காலேஜு லீவு போட்டுக்கறாளாம்."

மேனேஜர் சாரிடம் போனேன். ஸ்கீமில் அப்படி விதி இல்லையே என்று இழுத்தார். கூடாது என்றும் எந்த விதியும் சொல்லவில்லையே சார் என்றேன். எம்.டி.க்குப் போன் போட்டார். "அவங்க ஜெயிச்சது, அவங்க இஷ்டம்."

காலையிலிருந்து இருந்த நெஞ்சுக் கனம் இறங்கியது. பசித்தது. இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜனவரி 21, செவ்வாய்

ஜங்ஷன் ரிசர்வேஷன் கவுண்டர். வண்டிக்கு 24 மணி நேரத்துக்கு முன்னால் மனு கொடுத்தால் அப்பா டிக்கெட்டை மகள் பேருக்கு மாற்றித் தருவார்கள். ரேஷன் கார்டு நகல், இரண்டு பேர் ஆதார், அண்ணன் கையெழுத்து. எல்லாம் ராத்திரியே வாட்ஸப்பில் வந்துவிட்டது. அசல் மனுவைக் காலை முதல் பஸ்ஸில் கடைப் பையன் கொண்டு வந்து கொடுத்தான். கவுண்டரில் இருந்தவர் கண்ணாடியைத் தூக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். கால் மாற்றி மாற்றி நின்றேன். எழுதினார், சீல் வைத்தார்.

வெளியே வந்து கடைக்குப் போன் போட்டேன். அண்ணன்தான் எடுத்தார். பின்னால் கஸ்டமர் சத்தம்.

"ஆச்சுங்களா? ரொம்பச் சந்தோசமுங்க. அப்படியே அவளுக்கு ஒரு போன் போட்டு, சிங்கிள் ஃபேஸ் ஸ்டார்ட்டரு எந்த ரேக்குல வெச்சிருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க. நாங் கூப்புட்டா எடுக்க மாட்டேங்கறா, பொட்டி கட்டிட்டிருக்கறாளாமா."

கேட்டுச் சொன்னேன். ஜன்னல் பக்கத்து ரேக், இரண்டாவது தட்டு.