மூன்றாவது கயிறு

மீரியபெத்த பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: “முன்னமே சொன்னாங்கதானே, ஏன் எழும்பிப் போகல?” தோட்டத்துக்கு வெளியே போய்ப் படிக்கிற, வேலை செய்கிற எங்களில் பலர் இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டோம். இப்போதெல்லாம் ஒரு நிலையியல் கணக்கைத்தான் போட்டுக் காட்டுகிறோம்.

24 கிலோ கொழுந்துச் சாக்கு ஒன்று. மூன்று கயிறுகளை ஒரே முடிச்சில் சேர்த்து, அதில் சாக்கைத் தொங்கவிடுகிறோம். கயிறுகளின் மறுமுனைகள் முடிச்சிலிருந்து 4 மீற்றர் உயரத்தில் கட்டப்பட்டிருக்கின்றன: ஒன்று 3 மீற்றர் கிழக்கே தள்ளி, ஒன்று 3 மீற்றர் மேற்கே, மற்றது 3 மீற்றர் வடக்கே. ஒவ்வொரு கயிறும் 5 மீற்றர் நீளம். எந்தக் கயிற்றில் எவ்வளவு இழுவை?

மூன்று கயிறு, மூன்று பங்கு என்றுதான் முதலில் வாயில் வரும். ஆனால் சாக்கு அசையாமல் நிற்க வேண்டுமென்றால் மூன்று திசையிலும் விசைகள் தனித்தனியாகச் சமப்பட வேண்டும். கிழக்கும் மேற்கும் எதிரெதிரே இழுப்பதால் அந்த இரண்டு இழுவைகளும் சமம். வடக்கே இழுக்க ஒரு கயிறு இருக்கிறது. தெற்கே இழுக்க எதுவும் இல்லை. ஆகவே வடக்குக் கயிற்றின் இழுவை பூச்சியம். ஒவ்வொரு கயிறும் தன் இழுவையில் ஐந்தில் நாலு பங்கால்தான் மேலே தூக்கும். புவியீர்ப்பை 10 என்று எடுத்தால் சாக்கின் நிறை 240 நியூற்றன். அதைத் தாங்க இரண்டு கயிறுகளிலும் தலா 150 நியூற்றன் வேண்டும். மூன்றாவது கயிறு கட்டித்தான் இருக்கு, ஆனா ஒன்றையும் தாங்கல.

மலைச்சரிவும் ஒரு சமநிலைதான். மண்ணின் நிறையில் ஒரு கூறு அதைக் கீழே இழுக்கிறது. உராய்வும் மண்ணின் ஒட்டும் தன்மையும் பிடித்து வைக்கின்றன. தொடர் மழையில் மண் பாரமாகிறது. துணிக்கைகளுக்கு இடையில் சேரும் நீரின் அமுக்கம், அவை ஒன்றையொன்று அழுத்துவதைக் குறைக்கிறது. அதோடு உராய்வும் குறைகிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில், கொஸ்லந்தைக்குப் பக்கத்தில், அந்தச் சமநிலை உடைந்து லயன்கள் மண்ணுக்குள் போயின.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. உண்மைதான். எச்சரிக்கை என்ற கயிறு கட்டியிருந்தது. அதற்கு எதிர்ப்பக்கம் இழுக்க என்ன இருந்தது? லயன் அறை தோட்டத்துக்குச் சொந்தம். காணி எவர் பெயரிலும் இல்லை. வேலை இருக்கிற இடம்தான் வீடு. போங்க என்று சொன்னார்கள். எங்கே என்றால் காட்ட ஒரு துண்டு நிலம் இருக்கல.

மண் சரிந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு, பூனாகலைப் பக்கம் மக்கல்தெனியவில் 75 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. சனம் போய்க் குடியேறியது. அதே காணியை 2005இல் தேடியிருக்க முடியாதா?

மழைக்காலம் வந்தால் இன்றைக்கும் தோட்டங்களுக்கு எச்சரிக்கை வருகிறது. ஏன் போகல என்று கேட்பதற்கு முன்னால், போக இடம் கொடுத்தார்களா என்று கேளுங்கள்.