கொழும்புக்குப் போனால் எங்கே நிற்பது?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் பக்கத்தில் யாராவது கொழும்புக்குப் போகிறோம் என்று சொன்னால், "என்னத்துக்குப் போறீங்க" என்று கேட்பதற்கு முன்னமே "எங்க நிக்கப் போறீங்க" என்றுதான் கேட்பார்கள். கேட்டவரே பதிலையும் சொல்லிவிடுவார். போகிறவர் முஸ்லிம் என்றால் மருதானை. தமிழர் என்றால் வெள்ளவத்தை. கையில் காசு குறைவென்றால் முஸ்லிமுக்குப் புறக்கோட்டை, தமிழருக்குக் கொட்டாஞ்சேனை. கோப்பியில் எழுதாத பாடம் இது. முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் எல்லோருக்கும் மனப்பாடம்.

இந்தப் பாடம் சும்மா வந்ததல்ல. மருதானையில் இறங்கினால் ஸாஹிராக் கல்லூரியும் அதன் பக்கத்துப் பள்ளியும் கண்ணில் படும். சாப்பாட்டுக்கு யோசிக்கத் தேவையில்லை. வவுனியாவில் ஏறினால் கோட்டைக்கு முதல் ஸ்டேசன் மருதானைதான். பெரியாஸ்பத்திரி, கண்ணாஸ்பத்திரி, பொரளை சிறுவர் ஆஸ்பத்திரி எல்லாம் கிட்ட. பாஸ்போட் ஒஃபிசும் முன்பு புஞ்சி பொரளையில்தான் இருந்தது. வெள்ளவத்தையில் கடைக்காரரிலிருந்து ஓட்டோக்காரர் வரை தமிழ் பேசுவார்கள், மரக்கறிச் சாப்பாடு நல்லது, யாழ்ப்பாண பஸ்கள் அங்கேயே வந்து ஆட்களை இறக்கும். சிங்களம் தெரியாத ஒரு தாய்க்கு இதெல்லாம் பெரிய விசயம்.

ஆனால் காலம் மாறிவிட்டது. பாஸ்போட் ஒஃபிஸ் பத்தரமுல்லைக்குப் போய்விட்டது. கல்வி அமைச்சு, பரீட்சைத் திணைக்களம் எல்லாம் அந்தப் பக்கம்தான். நாங்கள் மட்டும் இன்னும் பழைய இடங்களிலேயே நின்று, விடியக்காலையில் இரண்டு பஸ் மாறி ஓடுகிறோம்.

போன தவணை விடுமுறையில் உம்மாவை மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டி வந்தது. பெற் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீதியில் இருக்கும் ஒரு அக்காவும் தன் தாயை அதே வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக இருந்தா. அடுத்தடுத்த நாள் தவணை. இரண்டு வீடும் சேர்ந்து ஒரு வான் பிடித்தால் செலவு பாதி. அதுவரை பிரச்சினை இல்லை. எங்கே நிற்பது என்ற கதை வந்ததும்தான் இரண்டு வீட்டிலும் போன் அடிக்கத் தொடங்கியது.

எங்கள் சொந்தக்காரர் தெமட்டகொடையில் இருக்கிறார்கள். "ஊட்டுக்கு வராம லொட்ஜுக்குப் போறதா" என்று கோபம். அக்காவின் சொந்தக்காரருக்கு வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸ். அவர்களும் விடவில்லை. இரண்டு பக்கமும் அன்புதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

பெற் ஸ்கேன் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆறு மணித்தியாலம் அளவில் தண்ணீரைத் தவிர ஒன்றும் சாப்பிடக்கூடாது. சீனி வருத்தம் இருந்தால் அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்லவேண்டும். கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் அசையாமல் படுக்கவைத்த பிறகுதான் படம் எடுப்பார்கள். எடுத்த பின்னும் சில மணித்தியாலத்துக்குச் சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பக்கத்தில் இருக்கக்கூடாது. தெமட்டகொடை வீட்டில் கைக்குழந்தை ஒன்று, பள்ளிக்கூடம் போகாத பிள்ளை ஒன்று. இருப்பது இரண்டே அறை. சனம் நெரிபடும் பஸ்ஸில் ஏறுவதும் சரியில்லை. வெள்ளவத்தை அனெக்ஸோ நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை. அக்காவின் தாயால் பத்துப் படி ஏறமுடியாது.

ஆகவே நான் சொன்னேன்: "அக்கா, மகரகமயிலேயே நிப்பம். ஆஸ்பத்திரிக்கு நடந்து போற தூரத்தில வருத்தக்காரருக்கு அறை குடுக்கிற வீடுகள் இருக்குதாம்."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "டீச்சர், தெரியாத ஆக்களின்ர இடமெண்டாலே எனக்கு நெஞ்சு பதறும். 2007இல என்ர தம்பி கொட்டாஞ்சேனை லொட்ஜிலதான் நிண்டவன்" என்றா.

இன்றைய பிள்ளைகளுக்கு இது தெரியாது, அதனால் எழுதுகிறேன். 2007 ஜூன் 7 அதிகாலை, கொழும்பில் வெள்ளவத்தை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து லொட்ஜுகளில் நின்ற தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி, "கொழும்பில் நிற்கத் தகுந்த காரணம் இல்லை" என்று பஸ்களில் ஏற்றினார்கள். 376 பேர். வைத்தியத்துக்கு வந்தவர், வெளிநாட்டுக்குப் போகக் காத்திருந்தவர், வேலை தேடி வந்தவர் எல்லோரும் அதில் இருந்தார்கள். பெரும்பாலானவர்களைக் கொண்டுவந்து இறக்கியது எங்கள் வவுனியாவில். மறுநாள் ஜூன் 8 அன்று உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டு இந்த வெளியேற்றத்தைத் தடுத்தது. பிறகு பிரதமரே வருத்தம் தெரிவித்தார். ஆனால் அந்த விடியற்காலைக் கதவுத் தட்டல் அக்கா வீட்டில் இன்னும் ஓயவில்லை. அவ தம்பிக்கு லொட்ஜில் உடுப்பு மாற்றக்கூட நேரம் கொடுக்கவில்லையாம்.

அக்கா சொன்னதும் எங்கள் பயத்தையும் நான் சொன்னேன். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு, முன்பு எத்தனையோ தடவை நின்ற ஒரு விடுதிக்குப் போன் எடுத்தேன். அறை இருக்கிறது, வாங்கோ என்றார்கள். பெயரைச் சொன்னதும் இல்லை என்றார்கள். அன்று தாக்கியவர்களில் ஒருவன் தெஹிவளையில் மிருகக்காட்சிசாலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விடுதியில்தான் குண்டை வெடிக்கவைத்தான். அதற்குப் பிறகு விடுதி நடத்துபவர்களுக்கும் பயம், எங்களுக்கும் பயம். பயப்பட்டவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கொச்சிக்கடைத் தேவாலயத்தில் இறந்தவர்களில் எத்தனையோ பேர் எங்களைப் போலத் தமிழ் பேசியவர்கள், அவர்களுக்காக நாங்களும் அழுதோம் என்பதைப் போனில் யாருக்குச் சொல்வது?

அக்காவுக்கு என் கதை புதிது. எனக்கு அவவின் தம்பியின் கதை புதிது. ஒரே வீதியில் எட்டு வருசமாக இருக்கிறோம். 1990 ஒக்டோபரில் எங்கள் சனம் முல்லைத்தீவிலிருந்து வெளியேற்றப்பட்டதையும் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் நாங்கள் வளர்ந்ததையும் அவ அறிவா. 2009இல் அவர்கள் பட்டதை நான் அறிவேன். பெரிய கதைகளைத்தான் பேசியிருக்கிறோம். ஒரு அறை எடுக்க எப்படிப் பயப்படுகிறோம் என்பதை இருவரும் பேசியதில்லை.

இன்னொன்றும் இருந்தது. மகரகம என்றதும் எங்கள் ஆட்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் உண்டு. 2013 பெப்ரவரியில் ஹலாலுக்கு எதிராகப் பொது பல சேனா பெரிய கூட்டம் வைத்தது மகரகமயில்தான். "அங்க போய் நிக்கிறதா" என்று என் மாமா கேட்டார். நியாயமான கேள்வி.

ஆனால் அதே மகரகமயில்தான் 1931இல் தொடங்கிய கபூரிய்யா அரபுக் கல்லூரி இருக்கிறது. எங்கள் ஊர்களில் கற்பித்த மௌலவிமார் சிலர் அங்கே ஓதியவர்கள். உம்மாவுக்கு எடுக்கச் சொன்ன அந்த ஸ்கேன் இயந்திரத்தின் கதையும் அப்படித்தான். அரச வைத்தியசாலையில் அந்த வசதி இல்லாதிருந்த காலத்தில், புற்றுநோய்க்கு மகனைப் பறிகொடுத்த எம்.எஸ்.எச். முஹம்மத் என்பவர் கதீஜா பவுண்டேஷன் மூலம் 2016இல் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். இலக்கு 20 கோடி ரூபாய். எல்லா இன மக்களும் அள்ளிக் கொடுத்தார்கள். ஒரு கூட்டத்தை வைத்து ஓர் ஊரை அளந்தால், இதையெல்லாம் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கடைசியில் மகரகமயிலேயே நின்றோம். ஒரு சிங்கள வீட்டின் கீழ்த்தளம். இரண்டு அறை, ஒரு சின்னக் குசினி, கழிவறை உள்ளேயே. வீட்டுக்கார அம்மா அடையாள அட்டைக் கொப்பி கேட்டா, கொடுத்தோம். அக்காவின் அட்டையில் இருந்த விலாசத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா. பிறகு சுடுதண்ணீர்க் கேத்தலைக் காட்டி, கேற்றை இரவு பத்துக்குப் பூட்டுவேன் என்றா. அவ்வளவுதான். புத்தளத்தில் படித்த அரைகுறைச் சிங்களம் எனக்குப் போதுமாக இருந்தது. கட்டிப்பிடித்து அழுத காட்சி ஒன்றும் இல்லை. எங்களை எழுப்ப யாரும் வரவும் இல்லை. சுபஹுக்கு உம்மாவை எழுப்பியபோது அடுத்த அறையில் அக்கா தன் தாய்க்குத் திருநீறு பூசிவிட்டுக்கொண்டிருந்தா. காலையில் பத்து நிமிசம் நடந்தோம். ஸ்கேன் முடிந்து வந்து உம்மா பகல் முழுவதும் தனி அறையில் நிம்மதியாகப் படுத்தா. கைக்குழந்தை உள்ள வீட்டில் அது நடந்திருக்காது.

பழைய பாடம் பிழை என்று சொல்லவரவில்லை. அந்தப் பாடம் எத்தனையோ பேரைக் காப்பாற்றியது. நாளைக்கு ஒரு காலம் கெட்டால் திரும்பவும் அதுதான் உதவும். ஆனால் வருத்தக்காரரோடு போகும்போது பயத்தின் வசதியைவிட வருத்தக்காரரின் வசதியை முதலில் பார்க்கவேண்டும். எனக்குத் தெரிந்ததைச் சுருக்கமாகத் தருகிறேன்:

பெரியாஸ்பத்திரி, கண், சிறுவர் ஆஸ்பத்திரி என்றால் மருதானை அல்லது பொரளை. புறக்கோட்டை மலிவு, பஸ்ஸுக்கு வசதி, சிவப்புப் பள்ளியும் அங்கேதான். ஆனால் பெண்களோடும் வயதானவர்களோடும் போனால் சத்தமும் நெரிசலும் தாங்காது.

மகரகம ஆஸ்பத்திரி என்றால் மகரகமயிலேயே நில்லுங்கள். கோட்டையிலிருந்து தினமும் 138 பஸ்ஸில் அலைய வேண்டாம்.

பத்தரமுல்லை அலுவல் என்றால் அந்தப் பக்கம் அல்லது ராஜகிரியவில் அறை தேடுங்கள். கொள்ளுப்பிட்டியிலிருந்து 177 பஸ் பத்தரமுல்லையால் போகும்.

இரண்டு மதத்தவரும் சேர்ந்து போனால் தெஹிவளையையும் யோசிக்கலாம். பள்ளியும் கோயிலும் தமிழும் எல்லாம் இருக்கிறது.

எங்கே நின்றாலும் பெயரையும் ஊரையும் போனிலேயே சொல்லுங்கள். விருப்பமில்லாதவர் அப்போதே மறுக்கட்டும். நடுச்சாமத்தில் வாசலில் நின்று கேட்பதைவிட அது நல்லது. அடையாள அட்டை, கிளினிக் கொப்பி இரண்டினதும் பிரதி ஆளுக்கு இரண்டு வைத்திருங்கள். படி எத்தனை, கழிவறை எங்கே என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

மகரகமயில் நம்பிக்கையான அறைகள் தெரிந்தவர்கள் கீழே எழுதினால் இன்னொரு குடும்பத்துக்கு உதவும். உம்மாவுக்குச் சிகிச்சை தொடங்கிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். அக்காவின் தாய்க்கு அடுத்த மாதம் திரும்பவும் தவணை. இரண்டு பேருக்கும் துஆ செய்யுங்கள்.