கண்மாய்க் கரையில் சைக்கிள்

எங்கள் ராமநாதபுரம் சீமையில் மலை கிடையாது. 'பர்வதம்' என்று பெயருள்ள ராமேஸ்வரத்துக் கந்தமாதனமும் மணல்மேடுதான். ஆனால் வண்டி இரைச்சல் இல்லாமல் சைக்கிள் மிதிக்க எங்களுக்குக் கண்மாய்க் கரைகள் இருக்கின்றன.

மார்கழி விடியலில் சக்கரக்கோட்டைக் கண்மாய்க்குப் போனேன். கரைமேல் சரளையும் செம்மண்ணும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பனைகளும் வயலும். வாடைக்காற்று முகத்தில் அடித்தது. மடை தாண்டியதும் இறங்கி உருட்டிக்கொண்டே நடந்தேன். நீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகள். சைக்கிளுக்கு அவை அசையவில்லை. தூரத்தில் ஒரு பைக் முடுக்கிய சத்தத்துக்கு அத்தனையும் எழும்பிவிட்டன. மனசு வலித்தது.

ஆடு ஓட்டி வந்த பெரியவர் டயரைப் பார்த்துவிட்டு, "ஓரமாப் போகாதீக தம்பி, சீமைக்கருவை முள்ளு கெடக்கு" என்றார். நூறடி போவதற்குள் பஞ்சர். அவரே மரநிழலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் ட்யூப் மாற்றி முடிக்கும்வரை.

2022-இல் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும், 2025-இல் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. நான்கும் நம் மாவட்டத்துக் கண்மாய்கள்! மழைநீரைத் தேக்க முன்னோர் மண் சுமந்து போட்ட கரைகள்.

தனுஷ்கோடித் தார்ச்சாலைக்கு வரும் சைக்கிள் நண்பர்களே, ஒருநாள் இங்கேயும் வாருங்கள். காரைத் தார்ரோட்டிலேயே நிறுத்திவிடுங்கள். கூடுகட்டும் மரங்களுக்குப் பக்கத்தில் போக வேண்டாம். மாற்று ட்யூப் இரண்டு எடுத்து வாருங்கள்.