உதிரும் இலைக்கும் ஒரு விலை

கேகாலை என்றதும் பலருக்கு யானைதான் நினைவுக்கு வரும். பின்னவலையில் 1975 இல் தொடங்கிய யானைகள் அநாதை இல்லத்தைப் பார்த்துவிட்டு, யானைச் சாணத்தில் செய்த காகிதத்தில் ஒரு குறிப்புப் புத்தகமும் வாங்கிக்கொண்டு கண்டிக்கு ஏறிவிடுவார்கள். மாவனெல்லையிலோ ஹெம்மாத்தகமையிலோ உறவுக்காரர் உள்ளவர்கள் அங்கே ஒரு பகல் தங்குவார்கள், அவ்வளவுதான். தெற்கே திரும்பி றுவன்வெல்லை, யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்டை என்று இறப்பர் தோட்டங்களின் பக்கம் போகிறவர்கள் குறைவு.

போவதானால் தை, மாசியில் போகவேண்டும். இறப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் காலம் அது. மஞ்சளும் செம்பு நிறமுமாய் இலைகள் மெத்தைபோல் விரிந்து கிடக்கும். கால் வைத்தால் அப்பளம்போல் நொறுங்கும். பார்க்கிறவருக்கு அழகு. பால் வெட்டும் குடும்பங்களுக்கோ அது கை சுருங்கும் காலம். மரம் மறுபடி துளிர்த்துத் தேறும்வரை பால் குறையும், வெட்டும் நாட்களும் குறையும். அந்த நாட்களில்தான் தோட்டத்துப் பெண்கள் வாசலில் குவிந்த சருகைக் கூட்டித் தீ வைக்கிறார்கள்.

இத்தகைய சருகையே காசாக்குகிறது, மன்னார் வளைகுடாவின் அக்கரையிலுள்ள தூத்துக்குடி. இலை, நெற்று, தாமரைக்காய், புல், விதைக்கூடு எல்லாவற்றையும் உலர்த்தி, வேண்டியதற்குச் சாயமேற்றி, அலங்காரப் பொருளாகவும் வளையமாகவும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேற்றுகிறார்கள். வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். மலர்வளையம் என்றால் நமக்கு மரண வீடு நினைவுக்கு வரும். நம்மவர் ஜனாஸாவில் அந்த வழக்கமும் இல்லை. மேல்நாட்டார் அதை நத்தார் காலத்தில் வாசற்கதவில் மாட்டுகிறார்கள். வசந்தத்துக்கு ஒன்று, அறுவடைக்கு ஒன்று என்று மாற்றுவோரும் உண்டு.

தூத்துக்குடிக்கு வெயிலும் துறைமுகமும் வாய்த்திருக்கின்றன. கேகாலையோ ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஈரவலயத்தில் இருக்கிறது. தூத்துக்குடியில் அதில் மூன்றிலொரு பங்கு மழைகூடப் பெய்வதில்லை. ஈரம் பட்ட பூவில் பூஞ்சணம் பிடித்துவிடும். ஆனால் இலை உதிரும் அதே தை, மாசியில்தான் இங்கும் வானம் வெளித்திருக்கிறது. சருகும், வெயிலும், வேலையில்லாக் கையும் ஒரே நேரத்தில் கூடுகின்றன. இதைத்தான் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

வேலை கடினமானதல்ல, பொறுமைதான் வேண்டும். வாடாமல்லி, கோழிக்கொண்டை போன்ற பூக்களைச் சிறு கட்டுகளாக்கி, காற்றோடும் நிழலில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். தலைகீழாக இருந்தால் காம்பு வளையாது. வெயில் நேரே பட்டால் நிறம் வெளுத்துவிடும். இறப்பர்ச் சீற் காயவைக்கும் புகைக்கூடம் இருக்கிறதே என்று சிலர் எண்ணலாம். புகை பூவையும் மங்கவைத்துவிடும், வாடையும் போகாது. இலையைச் சில வாரம் நீரில் ஊறப்போட்டு, சதை அழுகியதும் மென்மையான தூரிகையால் தேய்த்துக் கழுவினால் நரம்பு மட்டும் மெல்லிய வலைபோல மிஞ்சும். அரசிலையிலும் இறப்பர் இலையிலும் இது நன்றாக வரும். என் கண்ணுக்கு எந்தச் சாயப்பூவும் இதற்கு ஈடில்லை.

வளையத்துக்குப் பிரம்பு வேண்டும். வேவல்தெனியவில் கண்டி வீதியோரமே பிரம்புக் கடைகள்தாம். கூடை பின்னி மிஞ்சும் துண்டு போதும். அதன்மேல் நரம்பிலை, பாக்கு, சாதிக்காய் ஓடு, இரண்டு கறுவாப் பட்டை என்று மெல்லிய கம்பியால் கட்டலாம். வாங்குகிறவர்களைத் தேடிக் கடல் கடக்கத் தேவையில்லை. சாணக் காகிதம் வாங்கும் அதே உல்லாசப் பயணிகள் பின்னவலைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பல நாடுகள் விதைகளை உள்ளே விடுவதில்லை. விமான நிலையத்திலேயே பறித்துவிடுவார்கள். ஆகவே இறப்பர்க் காய் வெடித்து விழும் பருவத்தில் பொறுக்கிச் சேர்க்கும் ஓட்டை மட்டும் வளையத்தில் கட்டுவது நல்லது. புள்ளி போட்ட அந்த விதைகள் பிள்ளைகளுக்கு விளையாட இருக்கட்டும்.