கம்பளை: ஆறும் ஒளியும்

மலைநாட்டின் எழிலைக் காண விழைவோர் பெரும்பாலும் கண்டியில் இறங்கித் தலதா மாளிகையையும் பேராதனைப் பூங்காவையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். அன்றேல் நுவரெலியாவின் குளிரை நாடி மேலே ஏறிவிடுகின்றனர். இவ்விரண்டுக்கும் இடையே மகாவலி கங்கையின் கரையில் அமைந்த கம்பளையோ, புகையிரதச் சாளரத்தில் ஒரு கணம் தோன்றி மறையும் ஊராகவே பலருக்கு இருந்து வருகின்றது. அவ்வூரின் பழமையைக் காணும் ஆவலுடன் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு சென்ற விடுமுறையில் நாம் அங்கே சென்றோம். பழமையோடு, இக்காலக் குடும்பம் ஒவ்வொன்றும் அறிய வேண்டிய பாடம் ஒன்றும் அங்கே கிடைத்தது.

கம்பளை ஒரு காலத்தில் தலைநகராய் விளங்கியது. 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நான்காம் புவனேகபாகு மன்னன் இங்கே அரசிருக்கை அமைத்தான். ஆற்றை வைத்தே அந்நாளில் இதற்குக் கங்காசிறிபுர என்று பெயர் வழங்கிற்று. அக்காலத்து எழுந்த கடலாதெனிய, இலங்காதிலக விகாரைகளும் எம்பக்க தேவாலயமும் ஊருக்கு அப்பால் இன்றும் நிற்கின்றன. 1344இல் எழுந்த கடலாதெனிய விகாரையின் தலைமைச் சிற்பி கணேசுவராசாரி என்னும் தென்னிந்தியர் என்பதைக் கேட்ட மாணவர் முகங்களில் மகிழ்ச்சி படர்ந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில், 1873இல், புகையிரதப் பாதை கம்பளையை எட்டியது. கோப்பியும் பின்னர் தேயிலையும் இவ்வழியே இறங்கின. இன்று தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே கடைத்தெருவில் தோளோடு தோள் உரச வாழும் ஊர் இது.

நகரை ஒட்டி அம்புலுவாவை மலை உயர்ந்து நிற்கின்றது. அதன் உச்சியிலுள்ள வெண்கோபுரத்தில் ஏறி நின்றால் கால்கள் சற்றே நடுங்கும். கண்களோ இமைக்க மறக்கும். ஒருபுறம் தேயிலைச் சரிவுகள். மறுபுறம் மூடுபனி போர்த்த மலைத்தொடர்கள். அடியிலே வெள்ளி நாடா போல் வளைந்தோடும் மகாவலி. அந்த ஆற்றைக் காட்டி, “நேற்றிரவு நீங்கள் படித்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது?” என்று மாணவரை வினவினோம். “சுவிட்சிலிருந்து” என்றான் ஒரு குறும்பன். எல்லோரும் நகைத்தோம். ஆயினும், நம்மிற் பெரும்பாலோர் அறிந்தது அவ்வளவுதான் அன்றோ?

இலங்கையின் அருவிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பதை 1918இலேயே பொறியியலாளர் மன்றத்தின் முன் ஆய்வுரையாக எடுத்துரைத்தவர் டி. ஜே. விமலசுரேந்திர. நெடுங்காலம் தாமதிக்கப்பட்ட அவரது கனவு, களனியின் கிளையாறுகளைக் கொண்டு இலக்சபானவில் 1950இல் நனவாயிற்று. அதனைக் கண்டபின் 1953இல் அவர் மறைந்தார். மகாவலியின் முறை அதற்குப் பின்னர் வந்தது. 1976இல் பொல்கொல்லை அணை எழுந்தது. 1979இல் தொடங்கிய கொத்மலைத் திட்டம் 1985இல் நிறைவெய்தியது. 201 மெகாவாற்று வலுவுடைய கொத்மலை மின்னிலையம் மலையின் வயிற்றுக்குள் குடைந்து அமைக்கப்பட்டதாகும். அங்கே சக்கரங்களைச் சுழற்றிய நீரே மகாவலியிற் கலந்து கம்பளையைத் தழுவிச் செல்கின்றது.

இவ்வொளிக்கு விலை கொடுத்தவர் உளர். கொத்மலைப் பள்ளத்தாக்கின் வயல்களும் வீடுகளும் வழிபாட்டிடங்களும் நீருள் மூழ்கின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த மண்ணை விட்டுப் பெயர்ந்தன. கடும் வறட்சியில் நீர்மட்டம் தாழும்போது கடதொர விகாரையின் சிதைவுகள் வெளியே தலைகாட்டும். அப்போது பழைய ஊரவர் சிலர் வந்து கரையில் நின்று பார்த்துச் செல்வதுண்டாம். ஓர் ஊரையே விலையாகக் கொடுத்துப் பெற்ற மின்சாரத்தை நாம் எவ்வாறு செலவிடுகிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா?

மலையுச்சியிலேயே ஒரு கணக்குப் போட்டோம். 200 மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீரைக் கொண்டு ஓர் அலகு மின்சாரம் உண்டாக்க ஏறத்தாழ 2000 லீற்றர் நீர் வேண்டும். பழைய 60 வாற்று மின்குமிழ் ஒன்றை மாலையில் ஐந்து மணி நேரம் எரித்தால் 600 லீற்றர் நீர் செலவாகும். அதே அளவு ஒளி தரும் 9 வாற்று எல்.ஈ.டி. குமிழுக்கு 90 லீற்றர் போதும். ஒரே ஒரு குமிழில், ஒரே ஓர் இரவில், 510 லீற்றர் மிச்சம்! அந்த நீர் தேக்கத்திலே நின்றால் வறண்ட மாதங்களுக்கு உதவும். நீர் குறையும்போது எரிக்கப்படுவன நிலக்கரியும் எண்ணெயுமே. அவற்றின் புகை வானை மாசுறுத்தும். அவற்றின் விலை நாட்டின் கருவூலத்தைக் கரைக்கும். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் எரிபொருள் வாங்கப் பணமின்றி நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நாடு இருளில் மூழ்கியதை யார் மறப்பர்?

மலையிலிருந்து இறங்கிக் கடைத்தெருவுக்கு வந்தோம். அங்கே, வயரிங் ஒப்பந்த வேலையில் முப்பது ஆண்டுகள் பழகிய முஸ்லிம் பெரியவர் ஒருவரின் சிறு கடையில் அமர்ந்து தேநீர் அருந்தினோம். “நானா, வீட்டு மின்சாரம் எங்கே வீணாகிறது?” என்று கேட்டோம்.

“சேர், குமிழை மாற்றச் சொன்னால் எல்லாரும் மாற்றுவார்கள். சுவருக்குள்ளே இருப்பதை யார் பார்க்கிறார்கள்? இலட்சக்கணக்கில் கொட்டி வீட்டைக் கட்டுவார்கள். வயரிங் என்றதும் பேரம் தொடங்கிவிடும். விலையைக் குறைத்தவனுக்கே வேலை. அவன் எங்கே குறைப்பான்? வயரின் தடிப்பிலேதான் குறைப்பான்” என்றார் அவர்.

அவர் கூறியதன் உண்மையை மாணவருக்கு விளக்கினோம். கம்பி மெலிந்தால் அதன் தடை பெருகும். மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியிற் பிறக்கும் வெப்பமோ நான்கு மடங்காகும். தளர்ந்த இணைப்பும் அவ்வாறே சூடேறும். அந்த வெப்பத்துக்கும் மின்மானி கணக்கெழுதும். ஒருநாள் தீயும் பற்றக்கூடும். ஆகவே சிக்கனமும் பாதுகாப்பும் ஒரே கம்பியில் ஓடுகின்றன என்பது மிகையன்று. மின்விசிறியின் பழைய பெட்டிச் சீராக்கி, வேகத்தைக் குறைக்கும்போது மிஞ்சும் சக்தியைச் சூடாக்கிக் காற்றிலே கலக்கும். புதிய மின்னணுச் சீராக்கியில் அவ்வீண் மிகவும் குறைவு.

தொழிலின் கழிவுகளைப் பற்றியும் பெரியவர் பேசினார். சில இடங்களில் பழைய வயரை எரித்துச் செம்பை எடுப்பர். அதன் பிளாத்திக்கு உறை கக்கும் புகை கொடிய நஞ்சு. தாம் அவ்வாறு செய்வதில்லை என்றும், உறையோடு சேர்த்தே பழம்பொருள் வாங்குவோருக்கு விற்றுவிடுவதாகவும், விலை சற்றுக் குறைந்தாலும் பேரப்பிள்ளைகள் மூச்சு விட வேண்டுமே என்றும் கூறினார். நீள்குழல் விளக்குகளில் பாதரசம் உண்டு. அவற்றை உடைத்து ஆற்றோரம் எறிவது, நமக்கு ஒளி தந்த ஆற்றுக்கே நாம் நஞ்சூட்டுவதாகும்.

சுற்றுப்புறத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் இப்பாடம் பொருந்தும். கொழுந்தை வாட்டும் பெருவிசிறிகள் மணிக்கணக்கில் ஓடுகின்றன. விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அது கொள்ளும் வலு ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்பது பௌதிகவியல் விதி. கொழுந்தின் ஈரத்துக்கேற்ப வேகத்தை மாற்றும் கருவியைப் பொருத்துபவரும் ஒரு மின்னியல் தொழிலாளரே.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த பெருமழையால் மகாவலி கரைபுரண்டு இவ்வூரினுட் புகுந்தது. அத்தகைய வெள்ளம் வடிந்தபின் சேற்றை வாரிக் கொட்டிவிட்டு உடனே பிரதான ஆளியைப் போடுவது உயிருக்கே ஆபத்தாகும். நனைந்த ஆளிகளையும் இணைப்புகளையும் தகுதியுள்ளவர் சோதித்த பின்னரே மின்சாரம் ஏற்ற வேண்டும். வெள்ளம் எட்டிய சுவர்களில் செருகிகளை உயரத்தில் அமைப்பதும், மின் கசிந்தால் உடனே துண்டிக்கும் ‘ட்ரிப் சுவிட்ச்’ ஒழுங்காக இயங்குகிறதா என்று அவ்வப்போது அழுத்திப் பார்ப்பதும் அறிவுடைமை.

நம் குடும்பங்கள் செய்யத்தக்கவை அரியன அல்ல. மாலை ஆறரை மணி முதல் இரவு பத்தரை மணி வரை நாடெங்கும் மின்தேவை உச்சத்தில் இருக்கும். அந்நேரத்தில் இஸ்திரிப் பெட்டியையும் நீர்ப்பம்பியையும் ஓய்வில் விடலாம். கூரையிற் சூரியத் தகடு பொருத்த வசதியுள்ளோர் பொருத்தலாம். ஆனால் அது பகலிலே தருவது. இரவின் சிக்கனத்துக்கு அது ஈடாகாது. வீடு கட்டுவோர், குறைந்த விலை கேட்பவரை விடுத்து, முறைப்படி பயின்ற ஒருவரைத் தேர்ந்து, அவர் சொல்லும் தடிப்பில் கம்பி வாங்கிக் கொடுக்கட்டும். அந்த மிகைச் செலவு ஆண்டுதோறும் சிறுகச் சிறுகத் திரும்பி வரும்.

மாணவருக்கும் ஒரு சொல். சான்றிதழ் பெற்று மேசையின் முன் அமர்வது மட்டுமே உத்தியோகம் என்று எண்ணுதல் வேண்டாம். குறட்டையும் திருகாணிச் செலுத்தியையும் கையிலேந்தி, நல்ல வேலையைத் தவிர வேறெதையும் செய்ய மறுக்கும் மனிதர் ஆற்றையும் காக்கிறார், வீட்டையும் காக்கிறார். கம்பளைக்குச் செல்லும் அன்பர்கள் எம்பக்கவின் மரத்தூண்களைத் தவறாது காணுங்கள். அத்தூண்களைச் செதுக்கிய கைகளுக்கு இருந்த நேர்மை, சுவருக்குள் மறைந்து கிடக்கும் நம் காலத்துக் கம்பிகளை இணைக்கும் கைகளுக்கும் வேண்டும்.