சும்மா ஒரு ஓட்டம்தானே

பிள்ளைகளே, "சும்மா ஒரு ஓட்டம்தானே" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் உஷாராகுங்கள். முழு வேலைக்குப் போகிறவன் பயத்தோடு ஆயத்தமாவான். அரை வேலைக்குப் போகிறவனிடம்தான் அலட்சியம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். இங்கிலாந்தில் பறப்பதை நிறுத்திவிட்ட பழைய ராணுவ விமானங்களை ஆர்வலர்கள் இன்னும் ஓடும் நிலையில் வைத்திருக்கிறார்கள். மக்கள் பார்க்க, ஓடுபாதையில் வேகமாக ஓட்டிக் காட்டுவார்கள். எழும்பும் முன்பே இன்ஜின் விசையைக் குறைத்து, பிரேக் போட்டு நிறுத்திவிடுவது ஏற்பாடு.

2009 மே 3 அன்று புருன்டிங்தார்ப் என்ற இடத்தில் விக்டர் என்ற பழைய குண்டுவீச்சு விமானம் அப்படித்தான் ஓடியது. கடைசியாக அது பறந்தது 1993இல். விசையைக் குறைக்கச் சொன்னபோது துணை விமானி உறைந்துபோனார், விமானம் எழும்பிவிட்டது. முன்னாள் விமானப்படை விமானி ஒருவரின் கட்டுப்பாட்டில் இருந்ததால் சில விநாடிகளில் பத்திரமாகத் தரையிறங்கியது. இறக்கைக்கு நம் ஏற்பாடு தெரியாது, வேகம் மட்டுமே தெரியும். குண்டும் எரிபொருளும் சுமக்கக் கட்டிய விமானம் பாரமில்லாமல் ஓடினால், குறைந்த வேகத்திலேயே எழும்பிவிடும்.

எழும்பாவிட்டாலும் ஆபத்து உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். 2022 செப்டம்பரில் வெல்ஸ்போர்ன் என்ற இடத்தில் வல்கன் என்ற பழைய விமானத்தை ஒத்திகைக்காக ஓட்டினார்கள். வேகமானி தவறாகக் காட்டியதில் முழு விசை இரண்டே விநாடி கூடுதலாக நீடித்தது. விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போய் நின்றது.

1966இல் லைனம் விமானப்படைத் தளத்தில் ஹோல்டன் என்ற பொறியாளர் லைட்னிங் போர் விமானத்தின் மின்கோளாறு ஒன்றைத் தரையில் சோதித்துக்கொண்டிருந்தார். விசைப்பிடி முழு வேகத்தில் மாட்டிக்கொண்டது; விமானம் அவரைத் தூக்கிக்கொண்டு பறந்தது. தலைக்கு மேல் கண்ணாடி மூடி இல்லை. தப்பிக்கும் இருக்கையும் இயங்காது. சிறிய பயிற்சி விமானங்களை ஓட்டிப் பழகிய கை என்பதால், மூன்றாவது முயற்சியில் இறக்கினார். பறக்க மாட்டோம் என்று ஏறியவரைக் காப்பாற்றியது, பறக்கத் தெரிந்திருந்ததுதான்.

உங்கள் வாழ்க்கையிலும் இப்படி அரை ஓட்டங்கள் வரும். "தெருமுனை வரைக்கும்தானே" என்று ஹெல்மெட் இல்லாமல் வண்டியை எடுப்பது. "பேருக்கு ஒரு கையெழுத்து" என்று நண்பனின் கடனுக்கு ஜாமீன் நிற்பது. தவணை நின்றால் வங்கி உங்கள் வாசலுக்கும் வரும்.

எங்கே நிறுத்துவது என்பதை ஏறும் முன்பே முடிவு செய்யுங்கள். வேகத்தில் இருக்கும்போது புத்தி பேரம் பேசும். கூட வருகிறவர் உறைந்துபோனால் யார் கை நீட்டுவது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். நிறுத்த முடியாமல் போனால் என்ன செய்வேன் என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் கிளம்புங்கள். இல்லையென்றால் அந்த ஓட்டமே வேண்டாம்.