தோப்பியும் ஹாண்டியாவும்: வீட்டுப் பானைக்கு யார் நடுவர்?

வீட்டில் காய்ச்சிய பியரை மேசைமேல் வைத்து மதிப்பெண் இடுவதற்கென்று உலகில் ஓர் அட்டை உண்டு. அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய பியர் நடுவர் சான்றளிப்புத் திட்டம் அதை வகுத்தது. மொத்தம் 50 மதிப்பெண். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் தங்கும் உணர்வுக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. கோப்பைகளில் எண் மட்டும் இருக்கும். காய்ச்சியவரின் பெயர் இருக்காது. மென்மையானவை முன்னும் கடுமையானவை பின்னும் வரும். இடையிடையே நாவைக் கழுவத் தண்ணீரும் ரொட்டியும் வைத்திருப்பார்கள். தாம் காய்ச்சியது போட்டியிடும் பிரிவில் எவரும் நடுவராக அமர்வதில்லை. இறுக்கமில்லாத சிறு போட்டிகளில் பரிசு ஒரு கோப்பையாகவோ ஒரு மூட்டை தானியமாகவோ இருக்கலாம். ஆயினும் பங்கேற்றவர் உண்மையில் காத்திருப்பது அட்டையின் கீழ்ப்பகுதியில் நடுவர் எழுதும் நான்கு வரிகளுக்காகத்தான்: புளிப்பு எங்கிருந்து வந்தது, அடுத்த முறை எதை மாற்றலாம்.

இந்த மேசைக்கு முன்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1933இல் அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டில் திராட்சை மது செய்ய வழி பிறந்தது. வீட்டு பியருக்குப் பிறக்கவில்லை. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பிறகே, வயது வந்த ஒருவர் ஆண்டுக்கு 100 கேலன், அதாவது ஏறத்தாழ 378 லிட்டர், தம் வீட்டுத் தேவைக்கு வரியின்றிக் காய்ச்ச முடிந்தது. அதே 1978இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் வீட்டு பியர் காய்ச்சுவோர் சங்கம் உருவாயிற்று. 1979இல் அதன் முதல் தேசியப் போட்டி நடந்தது. அதுவரை நிலவறையில் மறைந்திருந்த குடுவை, சட்டம் கண்ணை மூடிக்கொள்வதை நிறுத்தி அதை ஏற்றுக்கொண்டதும் மேசைக்கு வந்தது. ஒளிந்து செய்யும் காரியத்துக்குப் போட்டி நடத்த இயலாது. ஒரு பொருளைப் பலர் முன் வைத்து ‘இதில் என்ன குறை?’ என்று கேட்பதற்கு, அதை வைத்திருப்பதே குற்றமில்லை என்ற உறுதி முதலில் வேண்டும்.

அந்தமான் தீவுகளில் அந்த மேசை இல்லை, பானை உண்டு.

1858இல் தண்டனைக் குடியேற்றமாகத் தொடங்கிய அந்தமானுக்கு, 1918 முதல் சோட்டாநாக்பூர் மேட்டு நிலத்திலிருந்து ஒராவோன், முண்டா, கரியா மக்கள் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். ராஞ்சியில் இயங்கிய கத்தோலிக்கத் தொழிலாளர் அமைப்பொன்று ஆள்சேர்ப்பின் வாயிலாக இருந்தது. காட்டை வெட்டவும், மரம் இழுக்கவும், சாலை போடவும் வந்தவர்களை அவர்கள் புறப்பட்ட ஊரின் பெயராலேயே தீவு அழைத்தது: ‘ராஞ்சிக்காரர்கள்’. தனித்தனி மொழியும் குலமும் கொண்ட மக்கள் ஒரு ரயில் நிலையத்தின் பெயருக்குள் அடங்கிப்போனார்கள். இன்று பாராடாங் தீவிலும், வடக்கு, நடு அந்தமானின் காட்டோர ஊர்களிலும், ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயரின் குடியிருப்புகளிலும் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வாழ்கிறார்கள். அவர்களோடு கடல் கடந்து வந்ததுதான் ஹாண்டியா.

ஹாண்டியா அரிசி பியர். ‘ஹண்டி’ என்றால் பானை. பானையே பானத்துக்குப் பெயராயிற்று. முண்டாரி மொழியில் அதற்கு ‘இலி’ என்று பெயர். சோற்றை வடித்துப் பரப்பி ஆறவைத்து, ‘ரானு’ என்னும் சிறு உருண்டைகளைப் பொடித்துப் பிசைந்து, பானையில் இட்டு மூடிவைப்பார்கள். சில நாள்களில் சோறு இளகி மணக்கத் தொடங்கும். நீர் வார்த்துப் பிசைந்து வடிகட்டினால் வெண்ணிறப் பானம். ரானு என்பது அரிசிமாவும் காட்டு வேர்களும் மூலிகைகளும் சேர்ந்த உலர் உருண்டை. அதில் பூஞ்சைகளும் ஈஸ்ட்டும் குடியிருக்கின்றன. பூஞ்சை சோற்றின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்க, ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைச் சாராயச்சத்தாக மாற்றுகிறது. இரண்டும் ஒரே பானையில் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. ஐரோப்பியர் பார்லியை முளைகட்டிச் செய்யும் வேலையை இங்கே ஓர் உருண்டை செய்கிறது. தானியத்திலிருந்து பிறப்பதால் ஹாண்டியா பியர் குடும்பத்தைச் சேர்ந்தது. கள்ளின் குடும்பமும் அன்று, சாராயத்தின் குடும்பமும் அன்று.

தீவில் வங்காளிக்கும் இந்திக்கும் அடுத்தபடியாக மிகுதியாகப் பேசப்படும் மொழி தமிழ். ராஞ்சி வீட்டுக்கு அடுத்த வீடு தமிழ் வீடாக இருப்பது அங்கே இயல்பு. அண்டை வீட்டுப் பானையை முகம் சுளித்துக் கடக்கும் தமிழர் அறிய வேண்டிய செய்தி ஒன்று பத்துப்பாட்டில் இருக்கிறது. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, வீட்டிலேயே சமைக்கப்பட்ட நெல்மதுவைத் ‘தோப்பி’ என்ற சொல்லால் குறிக்கிறது. அதே பாட்டின் இன்னோரிடத்தில் செய்முறையே வருகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, புற்றாஞ்சோற்றைப் போன்ற புறமுடைய நல்ல அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் முதிரவிட்டு, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். ஆற்றுதல், அடை கலத்தல், நாள் எண்ணுதல், பிழிதல் என இந்த வரிசையை அறிந்த எந்த ராஞ்சிப் பெண்ணும், எழுத்து அறியாவிட்டாலும், அந்தப் பகுதிக்கு உரை சொல்லிவிடுவாள். தமிழ் மறந்த தொழில்நுட்பம் ஒன்று தமிழரின் வேலிக்கு அப்பால் இன்னும் கைப்பழக்கமாக உயிரோடிருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு மதிப்பெண் அட்டை தேவையில்லை. கரம், சர்ஹுல் ஆகிய பண்டிகைகளில் மண்ணுக்கும் முன்னோருக்கும் முதல் துளிகளை வார்த்த பிறகு பானை விருந்தினரிடம் வரும். யார் வீட்டுப் பானை முதலில் தீர்ந்தது என்பதே தீர்ப்பு. கோப்பையை இரண்டாம் முறை நீட்டுவது பாராட்டு. கீழே வைத்துவிட்டுப் பேச்சை மாற்றுவது விமரிசனம். எவரும் தோற்றதாக அறிவிக்கப்படுவதில்லை. ஆனால் அடுத்த பண்டிகைக்கு யாரிடமிருந்து ரானு வாங்க வேண்டும் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். இறுக்கமில்லாப் போட்டி என்று மேலைநாட்டு ஆர்வலர்கள் விரும்பித் தேடுவது இதைத்தான். தீவுக்கூட்டத்தின் தெற்கே கார் நிக்கோபாரில் ஊருக்கு ஊர் நடக்கும் ஹோடிப் படகுப் போட்டியும் இதே குணமுடையது. துடுப்பு வலித்தவர்களின் களைப்பு விருந்தில் கரைகிறது. வென்ற ஊர், தோற்ற ஊர் என்ற பிரிவு பந்திவரை நீள்வதில்லை.

அப்படியானால் அந்தமானில் ஒரு ஹாண்டியா மேசை போடுவது கூடுமா? கூடும். ஆனால் கடல் கடந்து வந்த அட்டையை அப்படியே விரித்தால் பானை தோற்கும். மேலைநாட்டின் பல பியர் வகைகளில் புளிப்பு ஒரு குறை. ஹாண்டியாவில் அளவான புளிப்பே உயிர். அங்கே கலங்கல் பல வகைகளுக்குக் குற்றம். இங்கே தெளிந்த ஹாண்டியா என்றால் தண்ணீர் மிகுந்தது என்று பொருள். அங்கே அடர்த்திமானியை மிதக்கவிட்டு, தொடக்க அளவுக்கும் இறுதி அளவுக்கும் உள்ள வேறுபாட்டால் சாராயச்சத்தைக் கணிக்கிறார்கள். இங்கே சர்க்கரை உண்டாகிக்கொண்டே கரைவதால் தொடக்க அளவு என்று ஒன்றை எடுக்கவே முடியாது. கண்ணாடிக் குழல் பொய் சொல்லும். புட்டியில் அடைத்து மாதக்கணக்கில் வைத்து நடுவருக்கு அஞ்சலில் அனுப்பவும் வழியில்லை. ஈரமும் வெப்பமும் நீங்காத தீவில் இன்று இனிப்பது நாளை புளிக்கும். ஆகவே போட்டியாளர் அனைவரும் ஒரே நாளில் பானை கட்ட வேண்டும். ஒரே மாலையில் திறக்க வேண்டும். அன்றே குடித்து முடிக்க வேண்டும். அரிசி ஒரே மூட்டையிலிருந்து வந்தால் ரானுவின் திறம் தெரியும். ரானு ஒரே கையிலிருந்து வந்தால் காய்ச்சியவளின் திறம் தெரியும். எதைச் சோதிக்கிறோம் என்பதை முன்பே முடிவு செய்வது நல்லது. எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை அந்தப் பெண்களே வகுக்க வேண்டும். வெளியூர் நடுவர் ஒருவர் இருக்கலாம். அவர் கற்றுக்கொள்பவராக இருக்க வேண்டும். பணப்பரிசு வேண்டாம். பணம் வந்தால் ரானுவின் வேர்கள் இரகசியமாகும். இரகசியமானால் கைமாற்று நின்றுபோகும்.

ஆயினும் மேசைக்கு முன்னால் இங்கும் சட்டம் நிற்கிறது. 1996இல் நாடாளுமன்றம் இயற்றிய பெசா சட்டம், ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளில் போதைப் பொருள்களின் விற்பனையையும் நுகர்வையும் தடுக்கவோ ஒழுங்குபடுத்தவோ கிராம சபைக்கு அதிகாரம் தரும்படி மாநிலங்களைப் பணிக்கிறது. ராஞ்சி மாவட்டம் ஐந்தாம் அட்டவணைக்குள் இருக்கிறது, அந்தமான் இல்லை. 1959ஆம் ஆண்டின் ஆணைப்படி தீவுகளின் பட்டியல் பழங்குடியினர் ஆறு மக்களே: அந்தமானியர், ஜாரவா, ஓங்கே, சென்டினலீஸ், நிக்கோபாரியர், ஷோம்பென். ராஞ்சிக்காரர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. சேர்க்கக் கோரும் குரல் நெடுங்காலமாக ஒலிக்கிறது. ஒரே பாட்டியின் ஒரே செய்முறை, சோட்டாநாக்பூரில் ஒரு பழங்குடியின் மரபு. வங்கக் கடலைத் தாண்டியதும் ஒரு கூலிக் குடும்பத்தின் பழக்கம். பானை மாறவில்லை, அதன் மேலிருந்த பெயர்ச்சீட்டு கப்பலில் கழன்று விழுந்துவிட்டது.

எதிர்வாதமும் எளியதன்று. குடி குடும்பங்களை அழிப்பதைக் கண்ணால் காண்பவர்களில் முதலில் நிற்பவர்கள் பெண்கள்தாம். ஜார்க்கண்டில் சாலையோரம் ஹாண்டியா விற்கும் பெண்கள் பெருமைக்காக விற்கவில்லை. வேறு வருவாய் இல்லாததால் விற்கிறார்கள். அவர்களை மாற்றுத் தொழிலுக்குக் கொண்டுசெல்ல அந்த அரசு 2020இல் பூலோ-ஜானோ ஆசீர்வாதத் திட்டத்தைத் தொடங்கியது. பண்டிகைப் பானை அன்றாடக் கடையானபோது அதன் பொருளும் மாறிவிட்டது. இதை மறைத்துவிட்டு ஹாண்டியாவைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனால் பானையையும் உலையையும் ஒன்றாகக் கருதுவதும் நேர்மையாகாது. நொதித்தல் வேறு, காய்ச்சி வடித்தல் வேறு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். சோற்றுப் பானை அத்தகைய சாவைக் கொண்டுவருவதில்லை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. சில்லறை மது விற்பனையோ 2003 முதல் அரசின் கையில். ஆலையில் பிறந்த புட்டிக்கு உரிமமும், வீட்டில் பிறந்த பானைக்குச் சந்தேகமும் என்ற இந்த வரிசை, குடியைக் குறைத்ததாக எந்தத் தெருவும் சாட்சி சொல்லவில்லை.

ஒரு சிறு போட்டி இவை எதையும் தீர்க்காது. அது செய்யக்கூடியது ஒன்றுதான்: ஒரு மாலைப்பொழுதில், வீட்டில் செய்ததை வீட்டில் செய்ததாகவே, விலை வைக்காமல், வெட்கமும் இல்லாமல் அயலார் முன் வைக்க இடம் தருவது. அந்த மாலையில் அண்டை வீட்டுத் தமிழர் கோப்பையை ஏந்தினாலும் ஏந்தாவிட்டாலும், இது கூலிக்காரர் குடி அன்று, ஒரு கல்வி என்று அறிந்துகொள்வார். பல நாட்டுப் புளிப்புத் தொடக்கிகளில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகப் பிடித்த உருண்டைகளின் மேல் பழைய உருண்டையின் பொடியைத் தூவுவார்கள்; பழையதில் உறங்கும் உயிர் புதியதில் கண் விழிக்கும். அப்படிக் கைமாறிக் கைமாறி வரும் பொடிக்கு எந்த அரசிதழிலும் பெயர் இல்லை. அதைத் தூவத் தெரிந்த கைக்கு ஒரு பெயர் கிடைக்க வேண்டும்.